புதுப்பிப்பு: அப்பத்தாவும் அறிவொளியும்

அப்பத்தா இறந்ததையும், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் 1991-ல் அவர் பாடம் எடுத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். சைக்கிளும் கற்றுக்கொடுத்தாரா என்று பலர் கேட்டீர்கள். ஆமாம். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தே வந்த இயக்கம் அது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள்.

காரியத்துக்கு வந்த கல்குவாரிப் பெரியம்மா ஒருவர் அப்பாவிடம் சொன்னார்: "ஆம்பளை சைக்கிள்தான் கிடைச்சுச்சு. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒங்க ஆத்தா கேரியரைப் பிடிச்சபடி பின்னாலயே ஓடியாருவாக. விழுந்தா வைய மாட்டாக. 'ஏறு தாயி'ன்னுதான் சொல்லுவாக. அப்புறம் அந்த பாருலதான் எம் பிள்ளைய உக்கார வச்சு ஓட்டுனேன்."

அப்பாவுக்கே இது புதுச் செய்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைய அறிவொளிப் பாடப்புத்தகம் யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பெரியம்மாவிடம் காட்ட வேண்டும்.