மெக் மாட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பேட்டரி கணக்கு சரிதானா?

மான்செஸ்டர் மதுரைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மான்செஸ்டரில் ஒரு குடோனில் நைட் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். சிகரெட்டை விட்டுவிட்டு டிஸ்போசபிள் வேப்புக்கு (தீர்ந்ததும் எறிந்துவிடும் இ-சிகரெட்) மாறியவன். 2025 ஜூன் 1 முதல் அதை இங்கே விற்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், ரீஃபில் செய்கிற சின்னக் கருவி ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் கூட வேலை பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன்னுடைய மெக்கானிக்கல் மாட் (பேட்டரியை நேரே காயிலோடு இணைக்கும் வேப் கருவி) ஒன்றை 15 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பித்தளைக் குழாய். டிஸ்ப்ளே, போர்டு எதுவும் கிடையாது. அடியில் ஒரு பட்டன், மேலே ஆர்டிஏ (காயிலையும் பஞ்சையும் வைத்துத் திரவத்தைச் சொட்டுவிடும் தலைப்பகுதி), நடுவில் ஒரு 18650 பேட்டரி. அவ்வளவுதான். புகை மட்டும் சும்மா அள்ளுகிறது.

பேட்டரி மேல் 6800 எம்ஏஹெச் (கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது. கடையில் விற்பதெல்லாம் 2500, 3000 தான். அப்படியென்றால் என்னிடம் இருப்பது அதைவிட நல்லதுதானே? ஆர்டிஏவில் இரண்டு காயில் (சூடாகிப் புகை கொடுக்கும் கம்பிச் சுருள்) இருக்கிறது, ஒவ்வொன்றும் 0.3 ஓம் என்று சொன்னார். ஓம் விதியைப் படித்துவிட்டு நானே கணக்குப் போட்டேன். இரண்டும் சேர்ந்து 0.6 ஓம், 4.2 வோல்ட்டை அதால் வகுத்தால் 7 ஆம்ப். பயப்படும் அளவுக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நாலு இழுப்புக்கு மேல் போனால் பட்டன் விரலைச் சுடுகிறது. பித்தளை என்பதால் அப்படித்தான் இருக்குமா?

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். ஃப்ளைட்டில் கொண்டுபோகலாமா என்பதையும் சொல்லுங்கள்.


வேப் ராஜா எழுதியது:

ப்ரோ, மெக் என்றால் சூடாகத்தான் செய்யும். நான் வருஷக்கணக்கில் அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. பட்டனைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அழுக்கு போனால் சூடும் குறையும். என்ஜாய்.


செல் மெக்கானிக் எழுதியது:

மதுரைத் தம்பி, முதலில் பேட்டரியை வெளியே எடுத்து, சாவி, சில்லறை எதுவும் படாத இடத்தில் தனியாக வையுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நான் கோவைக்காரன். பர்மிங்காமில் இ-பைக் பேட்டரி பேக் பழுது பார்க்கிற வேலை. இந்த 18650 செல்லோடுதான் நாள் முழுக்கப் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில்தான் சிக்கலே. ஆர்டிஏவில் இரண்டு காயிலும் ஒன்றன் பின் ஒன்றாக இல்லை, ஒரே ப்ளஸ், மைனஸ் கம்பங்களுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். அது பேரலல் கனெக்‌ஷன். கரண்டுக்கு இரண்டு வழி கிடைத்துவிடுகிறது, அதனால் 0.3 உம் 0.3 உம் கூடி 0.6 ஆகாது, பாதியாகி 0.15 ஆகும். 4.2 வோல்ட்டை 0.15ஆல் வகுத்துப் பாருங்கள், 28 ஆம்ப். நீங்கள் நினைத்ததைப் போல் நாலு மடங்கு. பட்டன் அழுத்தும்போது செல்லின் வோல்ட் கொஞ்சம் இறங்கும், ஆகவே நிஜத்தில் 28 தொடாது என்று சிலர் வாதம் செய்வார்கள். முழுச் சார்ஜில் 4.2 என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் சரி. அந்த இறக்கத்தை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதுவும் அவர் சொன்ன 0.3 உண்மையாக இருந்தால்தான். சாதாரண மல்டிமீட்டரை வைத்து இதை அளந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் ஒயர்களுக்கே 0.1, 0.2 ஓம் இருக்கும், அளக்க வேண்டியதும் அதே அளவு. வேப் கடைகளில் ஓம் ரீடர் என்று தனியாக விற்கிறார்கள், ஆர்டிஏவை அதன் மேல் திருகினால் போதும். காயில் மாற்றும்போதெல்லாம், ஏன், திருகை முடுக்கினால்கூட, அதில் வைத்துப் பார்த்த பிறகுதான் குழாயில் மாட்ட வேண்டும். காயில் கால் ஒன்று டெக்கில் (காயிலை மாட்டும் தட்டு) உரசிக்கொண்டிருந்தாலும் அதில்தான் தெரியும்.

அடுத்தது 6800. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் பெரிய கம்பெனிகளாலேயே 3500ஐச் சுற்றித்தான் அடைக்க முடிந்திருக்கிறது. 6800, 9900 என்று அச்சடித்து வருவதெல்லாம் பொய். உள்ளே பழைய லேப்டாப்பில் உருவிய செல்லோ, தரம் பார்க்கும்போது கழித்துக் கட்டிய செல்லோ, எதுவும் இருக்கலாம். சமையலறைத் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி, சில கிராம் கூடக் குறைய நிற்கும். அதற்கு ரொம்பக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

மெக் மாட்டுக்கு எம்ஏஹெச் இரண்டாம் பட்சம். தொடர்ந்து எத்தனை ஆம்ப் கொடுக்கத் தாங்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது. அதே உடம்புக்குள் ஒன்று கூடினால் மற்றது குறையும். சாம்சங் 30க்யூ, சோனி விடிசி6 இரண்டும் 3000 எம்ஏஹெச், 15 ஆம்ப். சாம்சங் 25ஆர் 2500, 20 ஆம்ப். சோனி விடிசி5ஏ 2600, 25 ஆம்ப். சாம்சங் 20எஸ் வெறும் 2000, ஆனால் 30 ஆம்ப் தாங்கும். உங்கள் 28 ஆம்புக்கு இந்தப் பட்டியலில் 20எஸ் ஒன்றுதான் தேறும், அதுவும் கழுத்தளவு தண்ணீரில். பேர் தெரியாத 6800 எத்தனை தாங்கும்? 5 ஆகவும் இருக்கலாம், யார் கண்டது. வேறு கம்பெனிக்காரர்கள் இதே செல்களுக்குத் தங்கள் உறையைச் சுற்றி 35, 40 ஆம்ப் என்று போடுவார்கள், அது பெரும்பாலும் சில நொடிகளுக்கான பல்ஸ் அளவு. மூச் என்ற பெயரில் எழுதும் அமெரிக்கர் ஒருவர் வருஷக்கணக்காக இந்தச் செல்களைத் தானே சோதித்து, தொடர் அளவு இதுதான் என்று பட்டியல் போட்டு வெளியிடுகிறார். உறையை நம்புவதைவிட அதை நம்பலாம்.

பட்டன் சுடுவது பித்தளையின் குணம் இல்லை. பட்டன் தொடும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால்கூட, 28 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரு புள்ளியிலேயே கிட்டத்தட்ட 8 வாட் வெப்பம். உள்ளே ஸ்ப்ரிங் இருந்தால் அது சூடேறித் தளர்ந்து அமுங்கிவிடும். பட்டன் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். கையில் இருக்கும்போது நடந்தால் உடனே கழற்றலாம், பாக்கெட்டில் நடந்தால்? ராஜா சொன்ன புளி அழுக்கை எடுக்கும், அது நல்ல யோசனைதான். ஆனால் 28 ஆம்பை அது குறைக்காது.

ரெகுலேட்டட் மாட்டில் ஒரு போர்டு உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட் என்றால் பட்டனுக்குப் பதில் சொல்லாது, வோல்ட் இறங்கினால் நிறுத்திவிடும், பத்து நொடிக்கு மேல் அழுத்தினால் தானே அணைந்துவிடும். உங்கள் குழாயில் இதில் ஒன்றுகூட இல்லை. செல், பித்தளை, விரல், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. செல்லை வெளிச்சத்தில் பிடித்து மேல்முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் மேடாக இருக்கும் வட்டம் மட்டும்தான் ப்ளஸ். அதைச் சுற்றி ஒரு காகித வளையம், வளையத்துக்கு வெளியே தோளில் தொடங்கி அடிவரை முழு டப்பாவும் மைனஸ். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம். அந்த வளையமும் பிளாஸ்டிக் உறையும்தான் காவல். தோள்பட்டையில் உறை நகத்தால் கீறின மாதிரி கிழிந்திருந்தால் போதும், குழாயின் உள்பக்கம் அதில் பட்டுப் பட்டன் அழுத்தாமலே காயில் எரியத் தொடங்கும், ப்ளஸைத் தொடும் உலோகமே அதில் பட்டால் நேரடி ஷார்ட். இங்கே ஓம் கணக்குக்கெல்லாம் வேலையே இல்லை. புது உறை பத்து இருபது பென்ஸ்தான், ஹேர் டிரையரில் சுருக்கி மாட்டலாம். டப்பாவில் ஒடுக்கு விழுந்திருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள்.

அப்படியே ஆர்டிஏவின் அடியைப் பாருங்கள். மெக் குழாய்களில் பலவற்றில் ஆர்டிஏ நேரே செல்லின் மேலேயே உட்காரும், ஹைபிரிட் என்பார்கள். நடு முள் மரையைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அசையவும் கூடாது. முள் மட்டமாக இருந்தால் மரையின் விளிம்பு செல்லின் ப்ளஸ் முனையில் உட்கார்ந்துவிடும். மைனஸ் பக்கமாக இருக்க வேண்டிய குழாய் ப்ளஸோடு சேர்ந்துவிடும். பட்டனை அழுத்தியதும் காயில் வழியே போகாமல் நேரடி ஷார்ட், உறையும் கிழிந்திருந்தால் திருகும்போதே முடிந்துவிடும். குழாயில் காற்று போகும் ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓட்டை இல்லாத குழாய்க்குள் செல் சூடேறி வாயுவைக் கக்கினால் புகையும் தீயும் வெளியேற வழியில்லை, குழாயே துண்டு துண்டாகும். 2018 மே மாதம் அமெரிக்காவில் ப்ளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 38 வயதுக்காரர் ஒருவர் இறந்தது மெக் வகைக் கருவியால்தான். தெறித்த துண்டு மண்டைக்குள் போயிருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது.

ராஜா, வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்கள் செல் நல்லது, உங்கள் காயிலும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தம்பி கையில் இருக்கும் செல்லுக்கு அந்த உத்தரவாதத்தை நீங்கள் கொடுக்க முடியாது.


வேப் ராஜா எழுதியது:

அண்ணா, 6800 என்பதை நான் கவனிக்கவில்லை. அந்த செல்லோடு அடிக்க வேண்டாம், சரி. ஆனால் மெக்கே வேண்டாம் என்று பயமுறுத்தாதீர்கள். விஷயம் தெரிந்து அடித்தால் அதைப் போல வராது.


தாதி லண்டன் எழுதியது:

தம்பிமாரே, நான் ஆஸ்பத்திரியில் எரிகாயப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் கருவி வெடிக்கிறதைப் பற்றியே கதைக்கிறீர்கள். மாற்றுப் பற்றரியைக் காற்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போட்டுக்கொண்டு திரிகிறதையும் சொல்லவேணும். வேப் பற்றரிக் காயம் என்று வருகிறவர்களுக்குத் தொடையிலும் கையிலும்தான் கூடுதலாகப் படுகிறது. பையில் பற்றினால் உடனே கழற்றி எறியவும் ஏலாது. இரண்டு மூன்று பவுண்டுக்குப் பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்கள், வாங்கி அதில் போடுங்கோ.

அப்படி ஏதும் நடந்தால் 999க்கு அடிக்கும்போதும் ஆஸ்பத்திரிக்கு வந்த உடனேயும் லித்தியம் பற்றரி என்று வாயால் சொல்லுங்கோ. நெருப்புக் காயத்தோடு இரசாயனக் காயமும் இருக்கலாம். நாங்கள் முதலில் பிஎச் தாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுவுவோம். வெறும் நெருப்பு என்று நினைத்து மேலே கிறீம் பூசிக்கொண்டு வராதேங்கோ.


மான்செஸ்டர் மதுரைக்காரன் எழுதியது:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. தராசில் வைத்தேன், 33 கிராம். காகித வளையமே இல்லை. உறையில் தோள்பக்கம் கிழிசல் தெளிவாகத் தெரிகிறது. ஆர்டிஏ முள் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் லேசாக ஆடுகிறது. இந்த செல்லைக் குப்பையில் போடலாமா? நல்ல செல் வாங்கி, ஒரே காயில் போட்டு இதையே பயன்படுத்தலாமா, இல்லை விட்டுவிடவா? ஃப்ளைட் விஷயமும் பாக்கி இருக்கிறது.


செல் மெக்கானிக் எழுதியது:

33 கிராமா! நல்ல வேளை.

குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள், கிழிசல் மேலும் ஒட்டுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய செல் என்றால் சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரிப் பெட்டியில் போடலாம். இது கிழிந்தது, ஆகவே கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டருக்கே கொண்டுபோய் ஆளிடம் சொல்லிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் விட்டுவிடச் சொல்வேன். பழக்கத்துக்கு ஒரு ரெகுலேட்டட் மாட் வாங்குங்கள், அதே ஆர்டிஏவை அதன் மேல் மாட்டலாம், புகை ஒன்றும் குறைந்துபோகாது. போர்டு ஓம் காட்டும், அதைப் பார்த்துப் பார்த்தே கணக்கு பிடிபடும். இந்தச் செல்களைச் செய்யும் கம்பெனிகளே, இது பேக்குக்குள் போர்டோடு இருக்க வேண்டியது, தனியாக வாங்கி வேப்பில் போடாதீர்கள் என்றுதான் சொல்கின்றன.

இல்லை, குழாய்தான் வேண்டும் என்றால் முதலில் ஆடுகிற முள்ளைச் சரி செய்யுங்கள், முடியாவிட்டால் ஆர்டிஏவை மாற்றுங்கள். பேர் போன கடையில் 25ஆர் அல்லது விடிசி5ஏ. ஒரே காயில், 0.4 ஓமுக்குக் கீழே வேண்டாம். அப்போது 10.5 ஆம்ப், 20 ஆம்ப் செல்லுக்குப் பாதிதான். புகை மந்தமாகிவிட்டது என்று தோன்றும்போதே செல்லை மாற்றுங்கள். மீட்டரில் 3.4 வோல்ட் வாக்கில் காட்டும். இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று உறிஞ்சி 2.5க்கு வெகு கீழே இறக்கிவிட்டால் உள்ளே செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம், அடுத்த தடவை சார்ஜ் போடும்போது அது வேலையைக் காட்டும். சார்ஜ் தனிச் சார்ஜரில், விழித்திருக்கும்போது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படுக்கப் போகும்போது மாட்டிவிட்டுப் படுக்காதீர்கள். வேலைக்குப் போகும்போது பட்டன் லாக் வளையத்தை நம்பாமல் செல்லை வெளியே எடுத்துப் பெட்டியில் போடுங்கள். அக்கா சொன்ன பெட்டிதான்.

ஃப்ளைட்டைப் பொறுத்தவரை பொது விதி, கருவியும் செல்லும் கேபின் பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. ஆனால் உங்களுக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை, கஸ்டம்ஸில் எடுத்தால் வம்பு. சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டிருந்தால் இன்னும் மோசம், அங்கே வைத்திருப்பதே குற்றம். ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செல்லை முழுச் சார்ஜில் வைக்காமல் 3.7 வோல்ட் வாக்கில், குழாய்க்குள் இல்லாமல் பெட்டியில்.