குழந்தை ரூம் ஸ்கிரீன் துவைச்சதும் சுருங்கிடுச்சு, லைனிங் பை மாதிரி உப்பி நிக்குது. சரி பண்ண முடியுமா?

கேட்டவர், திருச்சி
வணக்கம். மகளுக்கு ரெண்டு வயசு. அவ தூங்குற ரூம் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் வெயில் நேரா கட்டில்ல விழுந்து அரைமணி நேரத்துல எழுந்துடுறா. அதனால நானே ஸ்கிரீன் தைச்சேன். வெளித்துணி சென்னிமலைக் கைத்தறி காட்டன். உள்ளே வெளிச்சம் மறைக்கிற, பூச்சு போட்ட பாலியஸ்டர் லைனிங். நீளம் 60 இஞ்ச், ரெண்டு பாதி. ரெண்டு துணியையும் நாலு பக்கமும் சேர்த்து அடிச்சேன்.

போன வாரம் பால் கொட்டிடுச்சுன்னு துவைச்சேன். காட்டன் 2 இஞ்ச் சுருங்கிடுச்சு. லைனிங் அப்படியே இருக்கு. கீழே உப்பிக்கிட்டு, பக்கத் தையலெல்லாம் சுருக்கு சுருக்கா நிக்குது. நாலு ராத்திரி அவ தூங்கின பிறகு உட்கார்ந்து தைச்சது, தூக்கிப் போட மனசு வரல.

பதில் 1, சென்னை
தண்ணி தெளிச்சு நல்ல சூட்டுல அயர்ன் பண்ணி இழுத்து விடுங்க, சரியாயிடும்.

பதில் 2, சென்னிமலை
அப்படிச் செய்ய வேணாமுங்க. பூச்சு இளகி அயர்ன் பாக்ஸ்ல ஒட்டிக்கும். இழுத்து விட்டாலும் அடுத்த துவைப்புல மறுபடி சுருங்கும். நாங்க தறியில பாவு நூலை, அதாவது நீளவாக்குல ஓடுற நூலை, இழுத்துக் கட்டித்தான் நெய்யறோம். தண்ணி பட்டதும் அந்த இழுப்பு விட்டுப் போகும், கஞ்சியும் போகும். குறுக்கே ஓடுற ஊடை நூலுக்கு அவ்வளவு இழுப்பு இல்லீங்க, அதனால நீளத்துலதான் அதிகம் தெரியும். 60-க்கு 2 இஞ்ச்ங்கிறது காட்டனுக்கு வழக்கமானதுதான், துணியில குறையில்லீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காய வைச்சிருந்தா இந்தச் சிரமம் வந்திருக்காது.

பதில் 3, மதுரை (தையல் கடை)
தூக்கிப் போடாதேம்மா, முழுசா மீட்கலாம். மேல் பட்டியைத் தொடாதே. ரெண்டு பக்கத் தையலையும் கீழ்த் தையலையும் மட்டும் பிரி. பிரிச்சதும் காட்டன் தானா நேராத் தொங்கும். அப்படியே இன்னொரு தடவை தண்ணியில முக்கி எடுத்துக் காய வை, இன்னும் சுருங்க வேண்டியது இருந்தா இப்பவே சுருங்கிடட்டும். அதுக்கப்புறம் அளவெடு.

இனிமே ரெண்டு துணியையும் கீழே சேர்க்கவே கூடாது. சுருங்குற துணியும் சுருங்காத துணியும் ஒரே தையல்ல மாட்டினா ஒண்ணு மத்ததை இழுக்கத்தான் செய்யும். லைனிங்கை வெளித்துணியை விட 1 இஞ்ச் குட்டையா வெட்டித் தனியா மடிச்சு அடி. பக்கத்துல மிஷின் தையல் வேண்டாம். முக்கால் அடிக்கு ஒரு இடத்துல கையால ரெண்டு மூணு முடிச்சு, கொஞ்சம் தளர்வா. போதும்.

நீளம் பத்தலைன்னா மிச்சத் துணியில கீழே ஒரு பட்டி வை. ஆனா அந்த மிச்சத் துணி இன்னும் தண்ணி பார்க்காதது, ஞாபகம் வை. அதையும் ஊறப்போட்டுக் காய வைச்சுத்தான் வெட்டணும்.

கேட்டவர்
ரொம்ப நன்றிக்கா. மிச்சத் துணியை அப்படியே வெட்ட இருந்தேன்! இன்னொரு சந்தேகம். லைனிங் மடிச்சு அடிக்கும்போது மிஷின்ல நகரவே மாட்டேங்குது, ஒரே இடத்துல குத்திக் குத்தித் தையல் குவியுது. கீழே குஞ்சம் லேஸும், பக்கத்துல இழுத்துக் கட்ட ரிப்பனும் வைக்கலாமா?

பதில் 3, மதுரை
பூச்சுப் பக்கம் பிரஸ்ஸர் ஃபுட்ல, அதான் துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்துல, ஒட்டுது. பட்டர் பேப்பரை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு மேல வைச்சு அடி, அப்புறம் பேப்பரைக் கிழிச்சு எடுத்துடலாம். 14 நம்பர் ஊசி, புது ஊசியா போடு. தையலைக் கொஞ்சம் நீளமா வை. குண்டூசி குத்தாதே, அந்த ஓட்டை மூடாது, அது வழியா வெயில் புள்ளி புள்ளியாத் தெரியும். துணிக்கிளிப் மாட்டிக்கோ.

பதில் 4, கோவை
ரிப்பன் வேண்டவே வேண்டாங்க, தயவு செஞ்சு. ரெண்டு வயசுக் குழந்தைக்குக் கழுத்துல சுத்திக்கிற அளவுக்கு எந்த நாடாவும் ஜன்னல் பக்கம் தொங்கக்கூடாது. ஒரு சாண் வெல்க்ரோ பட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துல வைச்சுச் சுத்தி ஒட்டிடுங்க. குஞ்சமும் பிய்ஞ்சு வாய்க்குப் போகும். கட்டிலை ஜன்னலை விட்டு நகர்த்திப் போடுங்க. ராடு எப்படி மாட்டியிருக்கீங்க? ஸ்குரூ இல்லாம ரெண்டு சுவத்துக்கும் நடுவுல அழுத்தி நிக்கிற ஸ்பிரிங் ராடுன்னா குழந்தை இழுத்தா மொத்தமும் தலையில விழும். சுவத்துல பிளக் அடிச்சு ஸ்குரூ போட்டு மாட்டுங்க.

கேட்டவர்
ஸ்பிரிங் ராடுதான் போட்டிருந்தேன். இன்னைக்கே எலெக்ட்ரிஷியன் தம்பியை வரச் சொல்லிட்டேன். கட்டிலை எதிர்ச் சுவத்துக்கு மாத்தியாச்சு. லேஸைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்.

மிச்சத் துணி 24 இஞ்ச் இருந்துச்சு. ஊறப்போட்டுக் காய்ஞ்ச பிறகு அளந்தா 23-தான். மதுரை அக்கா, பட்டியை 5 இஞ்ச் வெட்டிட்டேன். மேலே அரை இஞ்ச், கீழ் மடிப்புக்கு ஒன்றரை போக 3 கிடைக்கும், சரிதானே?

பதில் 3, மதுரை
சரிதான். கீழ் மடிப்பை மட்டும் இப்போ அடிக்காதே, அப்புறம் பிரிக்கிற மாதிரி கையால ஓட்டுத் தையல் போட்டு ரெண்டு நாள் தொங்க விடு. தொங்கி நின்ன பிறகு அடி.