46 வயதில் இதைக் கேட்கலாமா? (கொண்டி போட்ட கதவும் ஒரு பொய்யும்)

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா, இலங்கை):
போன வாரம் எங்கள் பக்கம் வெல் வுமன் கிளினிக் (பெண்களுக்கான உடல் பரிசோதனை) நடந்தது. பிரஷர், சீனி பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் பரிசோதனையும் எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அங்கிருந்த மிஸ் மெதுவாகக் கேட்டார்: "கணவரோடு சேரும்போது வலி ஏதும் இருக்கா?" நான் "இல்லை மிஸ்" என்றேன். பொய்.

20 வயதில் கல்யாணம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மாமியார், நாங்கள், பிறகு மூன்று பிள்ளைகள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, பக்கத்துக் காம்பராவில் யாராவது புரண்டு படுத்தாலே இங்கே கேட்கும். எங்களுக்குள் நடந்ததெல்லாம் இருட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் எழும்புவதற்குள். அவருக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். மூன்றாவது பிள்ளையோடு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டேன். அதோடு அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தது. எங்களுக்கென்று ஓர் அறை, அதன் கதவில் கொண்டி. அவரும் கடையை விட்டு வந்துவிட்டார். முதல் நாள் அந்தக் கொண்டி 'டக்' என்று விழுந்த சத்தத்துக்கு இரண்டு பேரும் திருடர் மாதிரி ஆளை ஆள் பார்த்தோம். எனக்கும் ஆசை என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் வலிக்கிறது. கிளினிக்கில் கேட்காததை இங்கே கேட்கிறேன்.

லிந்துலை வாத்தியார்:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். பேரப்பிள்ளை தூக்கும் வயதில் இதைப் பொதுவில் எழுதுவது நமக்குப் பழக்கமில்லாதது. நாளைக்கு உங்கள் மகளோ மருமகனோ வாசித்தால்? வெளியிலிருந்து வந்து கூட்டம் வைப்பவர்கள் விதைத்துவிட்டுப் போகிற ஆசைகள் இவை. நம் தாய்மார் இதெல்லாம் இல்லாமல்தான் குடும்பம் நடத்தினார்கள்.

பொகவந்தலாவை ராணி:
வாத்தியார் சார், பழக்கமில்லாததா? மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி, ஊரே கண் முழித்து யாருடைய கதையைப் பார்க்கிறது? எரிந்துபோன புருஷனைத் திருப்பிக் கொடு என்று ரதி அழுகிற கதையைத்தானே? அந்த ரதி வேஷத்தையும் ஆம்பிளைதான் கட்டுகிறார். ஆம்பிளை ரதியாகி ஒப்பாரி வைத்தால் கலை, பொம்பிளை தன் வாயால் சொன்னால் வெளியாள் விதைத்த ஆசையா? தாய்மார் இல்லாமல் நடத்தினார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரட்டுக்களம்:
இரண்டு பக்கமும் வீண் பேச்சு. முதலில் சம்பளம், தண்ணீர், மலையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கக்கூஸ். படுக்கையறை ஆராய்ச்சி வயிறு நிறைந்தவர்களுக்கு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயங்களில் இன்னும் எத்தனையோ குடும்பம் கிடக்கிறது, அதைப் பேசுங்கள்.

கொழுந்துக்கூடை:
தம்பி, நானும் அதைத்தான் சொல்கிறேன். கதவே இல்லாமல் இருபது வருடம் இருந்தேன் என்று எழுதியது உங்களுக்கு வீட்டுப் பிரச்சினையாகத் தெரியவில்லையா? வீடு கேட்கும்போது படிக்கிற பிள்ளைக்கு இடம் வேண்டும் என்போம், வயதானவர்களுக்கு இடம் வேண்டும் என்போம். புருஷன் பெண்சாதிக்கு இடம் வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

பழைய மிஸ் (குடும்பநல வேலையில் இருந்து ஓய்வு):
சண்டைக்கு நடுவில் கேட்ட கேள்வியை மறந்துவிட்டீர்கள். மாதவிடாய் நிற்கிற காலம் நெருங்க நெருங்க ஈஸ்ட்ரஜன் குறையும். உள்ளே தோல் மெலிந்து காய்ந்துபோகும், வலி பெரும்பாலும் அதனால். பாமசியில் இதற்கென்றே தண்ணீர் சார்ந்த ஜெல் இருக்கிறது, வெட்கப்படாமல் வாங்கலாம். ஆணுறை பாவிக்கிறவர்கள் தேங்காய் எண்ணெய் பூசக்கூடாது, ரப்பர் பழுதாகும். ஜெல் போதாவிட்டால் டாக்டர் ஈஸ்ட்ரஜன் கிறீம் எழுதித் தருவார். ஆபரேஷன் செய்தால் ஆசை செத்துவிடும் என்று லயத்தில் ஒரு கதை உண்டு. அதில் குழாயைத்தான் அடைக்கிறார்கள், சூலகத்தை எடுப்பதில்லை. ஹார்மோன் சுரப்பது சுரந்துகொண்டுதான் இருக்கும்.

எரிச்சல், அரிப்பு இருந்தால் சீனியையும் ஒருக்கால் பாருங்கள். சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்து திரும்ப இரத்தம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வெல் வுமன் கிளினிக்குகள் 1996இல் தொடங்கியவை. 35 வயதானவர்களைக் கட்டாயம் வரச் சொல்வோம், எங்கள் பக்கத்தில் ஒரு நாள் பேரை (சம்பளத்தை) விட்டுவிட்டு வர மனமில்லாமல் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

லிந்துலை வாத்தியார்:
மிஸ் சொன்னது மருத்துவம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கிளினிக்கில் பேசுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

பொகவந்தலாவை ராணி:
கிளினிக்கில்தான் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரே, சார்!

சாம்பல் புடவை (பதுளை):
எல்லாரும் ஆசையைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு 50. மாதவிடாய் நின்றது. "எனக்கு வயசாயிட்டுது" என்று சொல்லிப் பாயைத் தனியாகப் பிரித்துப் போட ஒரு சாட்டு கிடைத்ததே என்று சாமிக்கு விளக்கு ஏற்றினேன். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்), பகல் முழுக்க இடுப்பில் படங்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்பது, ராத்திரி சாராய வாடை. இருபத்தெட்டு வருடத்தில் "உனக்கு விருப்பமா" என்று ஒரு தரம்கூட அவர் கேட்டதில்லை. இப்போது ஜெல் பூசினால் சரியாகும், கிறீம் இருக்கிறது என்று எழுதினால், அதை எங்கள் வீட்டு ஆள் வாசித்தால், என் சாட்டும் போய்விடும்.

பழைய மிஸ்:
அக்கா, நான் அதை எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். வேண்டாம் என்பவருக்கு நான் ஜெல் சொல்லவில்லை. இதில் நம் நாட்டுத் தண்டனைச் சட்டமும் உங்களுக்கு உதவாது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள், அப்போதுகூட நீதிமன்றம் பிரித்துவைத்த மனைவியை வற்புறுத்தினால்தான் குற்றம் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒரே கூரைக்குள் இருக்கிற மனைவி அதில் இல்லை. உங்கள் பாய் பிரிந்தே இருக்கட்டும்.

பெரட்டுக்களம்:
பதுளை அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வயிறு நிறைந்தவர்கள் பேச்சு என்று நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன். மற்றதில் மாற்றமில்லை.

கொழுந்துக்கூடை:
பதுளை அக்கா, உங்கள் வீட்டு ஆள் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் ஆளிடம் நேற்று வலி என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை" என்று கேட்டார். சொல்ல எங்கே இடம் இருந்தது என்றேன். பேசாமல் இருந்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார், சீனி போட மறந்து.

மிஸ், இன்னும் ஒரு கேள்வி. ஹட்டன் பாமசியில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருத்தன் நிற்கிறான், நான் அவனைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) தூக்கி வளர்த்தவள். அவனிடம் போய் எப்படிக் கேட்பது?

பொகவந்தலாவை ராணி:
நுவரெலியாவுக்கு பஸ் ஏறுங்க அக்கா. நானும் வாறேன், எனக்கும் ஒன்று வாங்க வேண்டும்.