குலுக்கல் சீட்டு போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்க் கபடி அணிக்குச் சீருடையும் ஷூவும் வாங்க வேண்டும். 100 ரூபாயில் 300 சீட்டு. பரிசு மிக்சி, குக்கர், அப்புறம் ஒரு கிடா (எல்லோர் கண்ணும் அதன் மேல்தான்). பரிசுக்கு 12,000 போனாலும் 18,000 மிஞ்சும்.

ஆனால் தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்துக் குலுக்கினால் இதுவும் லாட்டரிதானே என்கிறார் ஒரு அண்ணன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சீட்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

நன்கொடை தந்தாலும் தராவிட்டாலும் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று வைத்தால் சிக்கல் வராதா? இல்லை, கிடாவைப் பேசாமல் ஏலம் விட்டுவிடலாமா? வக்கீல்கள், ஏற்கெனவே இப்படி நிதி திரட்டியவர்கள் சொல்லுங்கள். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும்.