நாடா இறக்கம்: ‘கேப்சர்’ என்பதற்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமராவிலிருந்து கணினிக்குப் படத்தைக் கொண்டுவருகிற வேலைக்கு, அதாவது பெரும்பாலான மென்பொருள்களில் ‘கேப்சர்’ என்று பொத்தானில் எழுதியிருக்கிற அந்த வேலைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். கைப்பற்றல், கவர்தல், பிடிப்பு, உள்வாங்கல், படியெடுப்பு என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஆளுக்கு ஒரு அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறோமே தவிர, அந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பேசக் காணோம். அதைப் பேசிவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே கழன்றுகொள்ளும். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வி.எச்.எஸ்., ஹை-8 என்ற பழைய வகை வீடியோ நாடாக்களில் இருந்தது ஏறி இறங்கும் மின் அலை. கணினிக்கு அது புரியாது. அதற்கென்றே ஒரு அட்டையைக் கணினிக்குள் செருகி, கேமராவின் மஞ்சள் கேபிளை அதில் மாட்டி, நாடாவை ஓடவிட்டால் அந்த அட்டை ஓடுகிற அலையை அளந்து அளந்து எண்களாக மாற்றும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) 601 தரத்தின்படி ஒளிர்வை மட்டுமே நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளக்க வேண்டும். எண்ணே இல்லாத இடத்தில் எண் உண்டாகிறது. பறக்கிற ஒன்றைப் பிடித்துப் போடுவது மாதிரியான வேலைதான் அது, ஆகவே ஆங்கிலத்தில் ‘கேப்சர்’ என்று வைத்ததில் குறை சொல்ல முடியாது.

1995-இல் டி.வி. தரம் வந்தது. இந்த இடத்தில் டி.வி. என்றால் தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ. (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது தனித் தலைவலி, அதற்காகவே இனி மினிடிவி என்று எழுதுகிறேன்.) அளப்பது, சுருக்குவது, எண்ணாக்குவது எல்லாம் படம் எடுக்கும் அந்த நொடியிலேயே கேமராவுக்குள் முடிந்துவிடுகிறது. 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குட்டி நாடாவில் எழுதப்படுவது வெறும் எண்கள். பால் (PAL, இந்தியாவிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் இருந்த தொலைக்காட்சி முறை) முறையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்துக்கு, சரியாக 1,44,000 பைட், நொடிக்கு 25 சட்டகம், ஆக நொடிக்கு 36 லட்சம் பைட். ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். ஃபயர்வயர் என்ற தரவுக் கேபிளை மாட்டி அதைக் கணினிக்குக் கொண்டுவரும்போது யாரும் எதையும் அளப்பதில்லை, மாற்றுவதில்லை. நாடாவில் இருந்த அதே எண்கள் வன்தட்டில் போய் உட்காருகின்றன. பிடிக்க அங்கே எதுவும் பறக்கவில்லை. ஆங்கிலக்காரர்கள் பழைய அட்டைக் காலத்துச் சொல்லைப் பழக்க தோஷத்தில் அப்படியே தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கே அதில் பிடிப்பு இல்லை. ஆப்பிளின் படத்தொகுப்பு மென்பொருளான ஐமூவி 1999-இல் வந்தபோதே ‘இம்போர்ட்’ என்றது. விண்டோஸ் எக்ஸ்பியின் மூவி மேக்கரில் ‘கேப்சர்’ என்று இருந்தது விஸ்டாவில் ‘இம்போர்ட்’ ஆனது. லினக்சில் டிவிகிராப் என்று ஒரு கருவி இருக்கிறது, அது பறித்துக்கொள்கிறதாம்! அவர்களே நிலையாக வைத்துக்கொள்ளாத ஒரு உருவகத்தை நாம் ஏன் கைப்பற்ற வேண்டும்?

சரி, எண்கள் அப்படியே வருகின்றன என்றால் அது வெறும் நகல்தானே, ‘நகலெடு’ என்றே போட்டுவிடலாமே என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் கோப்பை நகலெடுப்பதும் இதுவும் வேறு. வன்தட்டிலிருந்து ஒரு கோப்பை நகலெடுக்கும்போது ஒரு துண்டு சரியாக வரவில்லை என்றால் கணினி திரும்பப் போய்ப் படிக்கும், கிடைக்கும்வரை காத்திருக்கும், கிடைக்கவே இல்லை என்றால் பிழை என்று சொல்லி நிறுத்தும். மினிடிவி நாடா யாருக்காகவும் காத்திருக்காது. அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேர நாடா வந்து சேர ஒரு மணி நேரம்தான் ஆகும், எவ்வளவு வேகமான கணினியாக இருந்தாலும் சரி. ஃபயர்வயரில் இந்தப் படத்தரவு போகிற வழியில் ‘வந்ததா, மறுபடி அனுப்பட்டுமா’ என்ற பேச்சே கிடையாது. நேரம் தவறாமல் அனுப்புவது மட்டுமே அதன் கவலை. அந்த நேரம் பார்த்து உங்கள் கணினி வைரஸ் சோதனையில் இறங்கி வன்தட்டு திணறினால் நாலைந்து சட்டகங்கள் கீழே விழுந்துவிடும், அடுத்தவை வந்துகொண்டே இருக்கும். கோப்பின் அளவைப் பார்த்தால்கூடச் சட்டென்று தெரியாது. மென்பொருளின் ஓரத்தில் ஒரு சின்ன எண் 0-விலிருந்து 4 ஆகியிருக்கும், அதைப் பார்த்தால்தான் உண்டு.

அப்புறம் நாடாவிலேயே ஒரு பொட்டுத் தூசியோ கீறலோ இருந்தால் கேமரா அந்த இடத்தை முந்தைய சட்டகத்திலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டு அனுப்பிவிடும். அதனால்தான் சில நாடாக்களில் முகத்தின் நடுவே சதுரம் சதுரமாகத் தெரிகிறது. இரண்டாம் முறை ஓட்டினால் சில சமயம் அதே இடம் சுத்தமாக வரும். நகல் என்றால் இப்படி இருக்காது. படியெடுப்பு என்ற சொல்மீது எனக்கு ஆசை உண்டு, கல்வெட்டின்மீது ஈரத்தாளை ஒற்றிப் படியெடுக்கிறார்களே, அழகான சொல். ஆனால் அதற்கும் இதே மறுப்புத்தான். தவிர உயிரியல் பாடநூல்களில் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உண்டாவதற்குப் படியெடுத்தல் என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பற்றல் கோட்டைக்கும் கடத்தல் பொருளுக்கும் இருக்கட்டும். கவர்தல் என்று பொத்தானில் பார்த்தால் யாரைக் கவர்வது என்றுதான் தோன்றும். பிடிப்பு ஆகவே ஆகாது. படம்பிடிப்பு என்பது கேமராவில் எடுப்பது, அதைக் கணினிக்குக் கொண்டுவருவதற்கும் அதே வேரை வைத்தால் ‘பிடித்ததைப் பிடி’ என்று உதவிக் கையேட்டில் எழுத வேண்டிவரும். உள்வாங்கல் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சொன்னதை உள்வாங்கினான், கடல் உள்வாங்கியது என்று வேறு வேலைகளில் ஊறிப்போன சொல். இறக்குமதி என்றால் சுங்கச் சாவடி வாசம் அடிக்கிறது. அதைவிட முக்கியம், மெமரி கார்டிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவதற்கும் பல மென்பொருள்களில் ‘இம்போர்ட்’தான், அது வெறும் நகல், நாடா ஓட வேண்டியதே இல்லை.

என் பரிந்துரை: நாடா இறக்கம். வினையாக, நாடாவை இறக்கு. பொத்தானில் இடம் இல்லை என்றால் ‘இறக்கு’ என்று மட்டும் போட்டாலும் போதும், பக்கத்திலேயே கேமராப் படம் இருக்கும். பழைய அலைநாடாவை அட்டை வழியாக எண்ணாக்குகிற வேலை வேறு, அதற்கு ‘எண்ணிமமாக்கல்’ என்று ஏற்கெனவே பலரும் எழுதுகிறார்கள், அதை அப்படியே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் கிடந்த இரண்டு வேலைகள் தமிழில் இரண்டு சொல்லாகப் பிரிகின்றன. கையேடு எழுதுகிறவருக்கு இதனால் பெரிய நிம்மதி, ‘உங்களிடம் எந்த வகைக் கேமரா இருக்கிறது’ என்று ஒவ்வொரு பத்தியிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இறக்கம் என்றதும் பதிவிறக்கத்தோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பாது, துணைதான் செய்யும். பதிவிறக்கம் என்றால் வலையிலிருந்து இங்கே வருவது என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. நாடா இறக்கம் என்றால் நாடாவிலிருந்து இங்கே வருவது. முதன்முறை கேட்கிறவருக்கும் விளக்கம் தேவைப்படாது. இன்னொரு லாபமும் இருக்கிறது. தொகுத்து முடித்த படத்தைத் திரும்ப அதே நாடாவில் எழுதலாம், ஆங்கிலத்தில் அதற்கு ‘பிரிண்ட் டு டேப்’ என்று சம்பந்தமே இல்லாத ஒரு பெயர். நமக்கு அது நாடா ஏற்றம். இறக்கு, ஏற்று. கேமராவில் ‘டிவி-இன்’ வசதி இருந்தால்தான் இந்த ஏற்றம் நடக்கும் என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் விற்ற பல கேமராக்களில் அதை வேண்டுமென்றே அடைத்து வைத்திருந்தார்கள், வெளியிலிருந்து பதிவுசெய்ய முடிகிற கேமராவை வீடியோ ரெக்கார்டர் என்று கணக்கிட்டு அங்கே கூடுதல் வரி போட்டதுதான் காரணம்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்க, கையேட்டில் வரக்கூடிய ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“கேமராவை நாடா ஓட்டிப் பார்க்கும் நிலையில் வைத்து, நான்கு ஊசியுள்ள சிறிய முனையைக் கேமராவிலும் ஆறு ஊசியுள்ள பெரிய முனையைக் கணினியிலும் செருகவும். நாடாவைத் தொடக்கம்வரை சுற்றவும். ‘இறக்கு’ என்பதை அழுத்தினால் மென்பொருளே கேமராவை ஓட்டும், கேமராவின் பொத்தானைத் தொட வேண்டாம். இறக்கம் நடக்கும்போது வேறு பெரிய வேலைகளைக் கணினிக்குக் கொடுக்க வேண்டாம். ஃபேட்32 முறையில் அமைத்த வன்தட்டில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது என்பதால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் இறக்கம் நின்றுபோகலாம்.”

எனக்கு உறுத்தவில்லை. இதே பத்தியில் ‘கைப்பற்றல் நடக்கும்போது’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள், ஏதோ போர் அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

இதோடு சேர்ந்து வருகிற சில சொற்களையும் தீர்த்துவிடலாம். ‘எடிட்டிங்’ பற்றி விவாதமே வேண்டாம், படத்தொகுப்பு என்று திரையில் பெயர் ஓடுவதை எத்தனை காலமாகப் பார்க்கிறோம். ‘ஃபிரேம்’ என்பதற்குச் சட்டகம் போதும். சிக்கல் ‘ஃபீல்டு’. பட்டியலில் யாரோ ‘புலம்’ என்று போட்டிருக்கிறார்கள். காந்தப்புலம், தரவுத்தளப் புலம், இப்போது வீடியோவிலும் புலமா? நடப்பது என்னவென்றால் பால் முறையில் 576 வரிகளும் ஒரே நேரத்தில் பதிவாவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி. இரண்டும் பின்னிக்கொண்டு ஒரு சட்டகம். ஆகவே அது அரைச்சட்டகம். அந்த அமைப்புக்குப் பின்னல் என்றும், கணினித் திரைக்காக அதைப் பிரிப்பதற்குப் பின்னலவிழ்ப்பு என்றும் சொல்லலாம். கையை வேகமாக ஆட்டுகிற காட்சியில் நிறுத்திப் பாருங்கள், விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக நிற்கும். அவிழ்க்காத பின்னல் அதுதான்.

‘டிராப்டு ஃபிரேம்’, ‘டிராப் ஃபிரேம்’ என்று இரண்டு இருப்பதைப் பட்டியலில் ஒன்றாகப் போட்டு ‘விடுபட்ட சட்டகம்’ என்று முடித்திருக்கிறீர்கள். தயவுசெய்து பிரித்துவிடுங்கள். முதலாவது மேலே சொன்ன விபத்து, இறக்கும்போது படம் உண்மையாகவே போய்விடுவது. அதற்கு நழுவிய சட்டகம் என்று வைக்கலாம். இரண்டாவதில் ஒரு படம்கூடப் போவதில்லை. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் இருந்த என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 30 இல்லை, 29.97 சட்டகம். எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் கடிகாரத்துக்கும் நேரக்குறிக்கும் (‘டைம்கோடு’, ஒவ்வொரு சட்டகத்துக்கும் நாடாவில் எழுதப்படும் மணி, நிமிட, நொடி, சட்டக எண்) 108 சட்டகம் இடிக்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களை மட்டும் தாண்டிப் போவார்கள், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டமாட்டார்கள். விடுபடுவது எண், படம் இல்லை. ‘எண் தாவும் நேரக்குறி’ என்பது என் பரிந்துரை. இதைக் ‘விடுபட்ட சட்டகம்’ என்று தமிழில் படித்துவிட்டுத் தன் படத்தில் ஏதோ காணாமல் போய்விட்டது என்று ஒருவர் நாடாவை மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டிருந்தால் பாவம் நம்மைத்தான் சேரும்.

நேரக்குறி அறுபடுவதற்கும் ஒரு சொல் வேண்டும். படம் எடுத்தபிறகு பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாடாவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு மறுபடி எடுக்கத் தொடங்கினால் கேமரா 00:00:00:00 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஒரே நாடாவில் இரண்டு மூன்று ‘முதல் நிமிடம்’ இருக்கும். மென்பொருளிடம் குறித்த நேரத்தைக் கொடுத்து இறக்கச் சொன்னால் அது முன்னும் பின்னும் சுற்றித் தேடித் திண்டாடும். நேரக்குறி முறிவு என்று வைத்தால் சரியாக இருக்குமா? முறிவா அறுப்பா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

‘ரெண்டர்’ (மாற்றிய காட்சியைக் கணினி புதிதாகக் கணக்கிட்டு உருவாக்குவது) பற்றி இந்த இழையில் கலக்க வேண்டாம். மினிடிவியில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால் வெறுமனே வெட்டி ஒட்டினால் அந்த வேலையே வராது, எழுத்துப் போடும் இடத்திலும் காட்சி கரையும் இடத்திலும் மட்டும்தான் வரும். அதற்கு வந்திருக்கிற நான்கு பரிந்துரைகளும் எனக்கு ஒப்பவில்லை, என்னிடம் வேறு சொல்லும் இல்லை. தனி இழையாக யாராவது தொடங்குங்கள். நாடா இறக்கத்துக்கு மறுப்பு இருப்பவர்கள் இதிலேயே எழுதலாம், ஆனால் கையேட்டுப் பத்தியில் உங்கள் சொல்லைப் போட்டு ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.