டப்ளின் – மீத்: இது இன்னும் சரிக்குச் சமமான மோதல்தானா?

நீலச்சட்டை:
அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் டப்ளினும் மீத்தும் பரம எதிரிகள் என்று இன்னமும் எழுதுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கவுண்டி (நம் மாவட்டம் போல) என்பது சரி, ஆனால் எதிரி என்றால் எதிர்த்து நிற்க வேண்டாமா? இரண்டும் இருக்கும் லென்ஸ்டர் மாகாணத்தின் பட்டத்தை 2011 முதல் 2024 வரை 14 வருடம் விடாமல் எங்கள் டப்ளின்தான் எடுத்தது. 2019 இறுதி ஆட்டத்தில் மீத் எடுத்தது மொத்தமே 4 புள்ளி. அடுத்த வருட இறுதி ஆட்டத்திலும் எங்களிடம் 21 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

பச்சைமஞ்சள்:
1991ஐ எப்படி மறந்தீர்கள்? லென்ஸ்டர் முதல் சுற்றில் டப்ளினும் எங்கள் மீத்தும், தோற்றால் அந்த வருடமே முடிந்தது. மூன்று முறை சமன், நான்கு ஆட்டம், மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். நான்காவதில் நேரம் முடியப்போகிறது, டப்ளின் 3 புள்ளி முன்னால். மீத் தன் கோல் பக்கத்திலிருந்தே பந்தைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய், கடைசியில் கோல் போட்டது கெவின் ஃபோலி, அவர் தடுப்பாட்டக்காரர்! கோலுக்கு 3 புள்ளி, கணக்கு சமம். அடுத்த பந்திலேயே டேவிட் பெகி கம்பத்துக்கு மேலே அடித்த ஒரு புள்ளியில் ஆட்டம் முடிந்தது.

நீலச்சட்டை:
அருமையான ஆட்டம், மறுக்கவே இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதை வைத்தே எவ்வளவு காலம் ஓட்டுவது?

பச்சைமஞ்சள்:
சரி, புதிதாகவே பேசலாம். 2022 கணக்கெடுப்பில் டப்ளினில் 14.6 லட்சம் பேர், மீத்தில் 2.2 லட்சம். இந்த விளையாட்டில் சம்பளமும் கிடையாது, காசு கொடுத்து ஆளை வாங்கவும் முடியாது, உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்துத்தான் ஆட வேண்டும். போதாததற்குப் பெரிய ஆட்டமெல்லாம் குரோக் பார்க்கில், அதாவது டப்ளினுக்குள்ளேயே. 2025 லென்ஸ்டர் அரையிறுதி டப்ளினுக்கு வெளியே போர்ட்லீஷில் நடந்தது, என்ன ஆனது? மீத் 0-23, டப்ளின் 1-16 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி), அதாவது 23க்கு 19. நான்கு புள்ளியில் ஜெயித்தோம்.

நீலச்சட்டை:
ஜெயித்துவிட்டு இறுதி ஆட்டத்தில் லவுத் கவுண்டியிடம் தோற்றீர்களே. ஒரு மதிய ஆட்டத்துக்காக 14 வருடத்தை அழித்துவிட முடியாது. மைதானத்தைக் காரணம் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை, 2010ல் அதே குரோக் பார்க்கில்தான் மீத் எங்களுக்கு 5 கோல் போட்டது.

ஆஷ்போர்ன்வாசி:
இரண்டு பேருமே ஆண்கள் அணியை மட்டும் பேசுகிறீர்கள். டப்ளின் பெண்கள் 2017 முதல் 2020 வரை தொடர்ந்து அகில அயர்லாந்துச் சாம்பியன்கள். 2021 இறுதியில் அவர்களை நிறுத்தியது யார்? மீத் பெண்கள், 1-11க்கு 0-12. அதற்கு முந்தைய வருடம்தான் இரண்டாம் நிலைப் போட்டியில் ஜெயித்து மேலே வந்திருந்தார்கள்! மீத்திலுள்ள எங்கள் ஊர் ஆஷ்போர்னில் டப்ளினிலிருந்து வீடு வாங்கி வந்த குடும்பங்கள் ஏராளம், அப்பா டப்ளின் நீலம், பிள்ளைகள் மீத் பச்சை.

பச்சைமஞ்சள்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நன்றி. நீலச்சட்டை, இன்னொன்று: லவுத்திடம் தோற்றதோடு 2025 முடியவில்லை. அந்த வருடம் அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற கெரி கவுண்டியையே அந்தப் போட்டியின் குழு ஆட்டத்தில் அடித்தோம், காலிறுதியில் கால்வே கவுண்டியையும். டப்ளின் காலிறுதியோடு வீட்டுக்குப் போனது.

நீலச்சட்டை:
கெரியை அடித்தது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரி என்று நான் சொல்ல வேண்டுமானால் லென்ஸ்டர் பட்டத்தை எங்களைத் தாண்டி எடுத்துக் காட்டுங்கள். மீத் கடைசியாக எடுத்தது 2010ல்.