தினவாடகைக்கு விட்டவங்க, தங்கினவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க: வடசென்னை அனுபவங்களை இங்கே எழுதுங்க

கல்மண்டபம் அக்கா:

வெளிநாட்டுக்காரங்க தங்கினா அவங்க விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல ஏத்துறோமே, சி ஃபார்ம்னு சொல்லிப் பழகினது, அதை எப்படிப் போடணும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விளக்கப் போறதில்ல. ராயபுரத்துல மாடியில ரெண்டு ரூம் விடுறோம், கீழே நாங்க இருக்கோம். வர்றவங்கள்ல நிறைய பேர் எம்.சி. ரோட்டுல கல்யாண ஜவுளி எடுக்க வர்றவங்க.

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தாங்க. மகளுக்கு ஆவணியில கல்யாணம். வந்த அரை மணி நேரத்துல அந்த அம்மா எங்க மாமியார் பக்கத்துல உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. நான் பாஸ்போர்ட், விசா கேட்டேன். மறுபேச்சு பேசாம எடுத்துக் கொடுத்தாங்க. எந்த நாடு, விசா நம்பர், இந்தியாவுல என்னைக்கு இறங்கினாங்க, இங்கிருந்து அடுத்து எங்கே போறாங்கன்னு ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டிருந்தேன். எட்டிப் பார்த்தவங்க, "எங்களையும் வெளிநாட்டுக்காரர் எண்டோ பிள்ளை எழுதுறீங்கள்?"னு கேட்டாங்க. குரல்ல கோபமே இல்ல.

அப்புறம் போட்டோ எடுக்கணும்னு சொன்னேன். கீரையை ஓரமா வச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்து சுவரோரமா போய் நின்னாங்க. முதுகு நேரா, ரெண்டு கையும் பக்கவாட்டுல. அப்படி நில்லுங்கன்னு நான் சொல்லல. அந்த நிலை அவங்களுக்கு எங்கேயோ பழகியிருக்கு. மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

24 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும், ஏத்திட்டேன். அது சரிதான், செய்ய வேண்டியதுதான். ஆனா அந்த அம்மா நின்ன நிலை மனசை விட்டுப் போகல. இலங்கையில இருந்து வர்ற நம்ம ஆளுங்ககிட்ட இதை முன்னாடியே எப்படிச் சொல்றீங்க? புக் பண்ணும்போதே மெசேஜ் போடுறீங்களா?

தண்டையார்பேட்டை மாடிவீடு:

அக்கா, உங்களுக்காவது உங்க வீட்டுல யார் தங்குறாங்கன்னு தெரியும். எனக்கு ஈ.பி. ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல வீடு. 2021-ல விம்கோ நகர் வரைக்கும் ரயில் வந்ததும் அந்தப் பக்கம் வாடகை ஏறினது உங்களுக்கே தெரியும். புருஷன் பொண்டாட்டி, ஐ.டி. வேலைன்னு சொல்லி ஒருத்தர் பதினோரு மாச அக்ரிமெண்ட் போட்டார். அட்வான்ஸ் ஒழுங்கா கொடுத்தார். வாடகையும் ஒண்ணாம் தேதியே வந்துடும். நான் இருக்கிறது கும்மிடிப்பூண்டியில, அடிக்கடி வந்து பார்க்க முடியாது.

அன்னைக்கு ஈ.பி.யில இருந்து வரச் சொன்னாங்கன்னு போனேன். மீட்டர் இருக்கிற கம்பிக்கதவுல ஒரு சின்னப் பெட்டி, நம்பர் அமுக்கினா திறக்கிற சாவிப் பெட்டி. வந்திருந்த இன்ஜினியர் அதைக் காட்டி "இது என்ன சார்?"னு கேட்டார். எனக்குத் தெரியலன்னு சொல்லி வாயை மூடல, மாடியில இருந்து ஒரு பொண்ணு டிராலிப் பெட்டியை இழுத்துக்கிட்டு இறங்கி வந்து, "அங்கிள், செக்-அவுட் பண்றோம், சாவியை இதுக்குள்ளயே வச்சுடலாமா?"ன்னு என்னைக் கேட்டா. இன்ஜினியர் பேனாவை எடுத்துட்டார். அதுக்கப்புறம் நான் என்ன சொல்லி என்ன பிரயோஜனம்?

வீட்டு இணைப்புல, அதுவும் 100 யூனிட் இலவசம் வாங்குற இணைப்புல, லாட்ஜ் மாதிரி நடத்தினா அது மின்சாரச் சட்டம் 126-வது பிரிவு. பொருந்த வேண்டிய வகைக்கு என்ன கட்டணமோ அதுல ரெண்டு மடங்கு. எப்போதிலிருந்து நடக்குதுன்னு கண்டுபிடிக்க முடியலன்னா பின்னோக்கி 12 மாசத்துக்குப் போடுவாங்க. இணைப்பு என் பேர்ல. நோட்டீஸும் என் பேர்ல. குடியிருந்தவர் போனை எடுக்கல.

பெரம்பூர் மூணாவது மாடி:

கல்மண்டபம் அக்காவுக்கு மனசு கஷ்டமா இருக்குன்னு புரியுது. ஆனா வீட்டை விடுறவங்க கஷ்டத்தை மட்டுமே பேசிக்கிட்டிருந்தா எங்க கதையை யார் சொல்றது?

எங்க எதிர் ஃபிளாட் தினவாடகை. அப்பா ஐ.சி.எஃப்.ல இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபது தாண்டிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வீட்டு பெல்லை விடாம அடிக்கிறாங்க. நான் எழுந்து வர்றதுக்குள்ள அப்பா கதவைத் திறந்துட்டார். வெளியே அஞ்சு பசங்க, பையும் கையுமா. அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு என்னப்பா ஆச்சு?" அந்த நேரத்துல பெல் அடிச்சா எங்க வீட்டுல அது சாவுச் செய்திதான். அம்மா போன செய்தியும் அப்படித்தான் வந்துச்சு. அந்தப் பசங்க "ஸாரி அங்கிள், நம்பர் மாறிடுச்சு"ன்னு எதிர் வீட்டுக்குள்ள போயிட்டாங்க. அப்பா விடியற வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஓனர் பெங்களூர்ல இருக்கார். ஃபார்ம், லைசென்ஸ் எல்லாம் பக்காவா இருக்குன்னு சொல்றார். இருக்கட்டும். எங்க அப்பா தூக்கத்துக்கு எந்த ஃபார்ம்?

பேரேடு:

எல்லாரும் கதை சொல்றீங்க, கணக்கை யாரும் சொல்லல. நான் ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை பார்க்கிறேன். திருவொற்றியூர்ல ஒரு கிளையண்ட் நோட்டுப் புத்தகத்தை மேஜையில போட்டு "இதுல எது வருமானம்னு நீயே சொல்லு தம்பி"ன்னார். கோயில் தெப்பத்துக்கு வந்தவங்க கொடுத்த பணம், தெரிஞ்சவங்க கொடுத்த பணம், ஆப் வழியா வந்த பணம், எல்லாம் ஒரே பக்கத்துல. அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல அக்காவுக்கு. 1946 வெளிநாட்டவர் சட்டம் இப்போ இல்ல. 2025 செப்டம்பர் 1-ல இருந்து குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டம் 2025 அமலுக்கு வந்துடுச்சு. வீட்டுல தங்க வைக்கிறவர் தகவல் கொடுக்கணும்ங்கிற கடமை அதுலயும் இருக்கு. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும்கூட அதே மாதிரி கடமை உண்டு. அதனால அந்த அம்மாவை நீங்க தனியா எதுவும் பண்ணிடல, மனசைத் தேத்திக்குங்க.

ஜி.எஸ்.டி.: ஒரு நாளைக்கு 1000 ரூபாய்க்குள்ள இருந்தா வரி இல்லங்கிற சலுகை 2022 ஜூலை 18-ஓட போச்சு. இன்னமும் அதையே நம்பி 900 ரூபாய்னு ரேட் வைக்கிறவங்க இருக்காங்க. 7500 வரைக்குமான ரூமுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5 ஆயிடுச்சு, உள்ளீட்டு வரி, அதாவது ரூமுக்காக நீங்க வாங்குறதுக்குக் கட்டின ஜி.எஸ்.டி., திரும்பக் கிடைக்காது. நீங்க ஜி.எஸ்.டி. பதிவு பண்ணாதவரா இருந்து ஆப் வழியா விட்டா வரியை அந்த ஆப் கம்பெனியே கட்டும், அது ஜி.எஸ்.டி. சட்டம் 9(5)-வது பிரிவு. நேரடியா விடுறவங்களுக்குப் பதிவு வரம்பு வருஷத்துக்கு 20 லட்சம். ஆனா அந்த 20 லட்சத்துல உங்க மத்த வியாபாரமும் சேரும். ஜவுளிக்கடை வச்சிருக்கிறவர் மாடியை விட்டா ரெண்டையும் கூட்டித்தான் பார்க்கணும்.

வருமான வரியில, மாச வாடகைன்னா 30 சதவீதம் கழிச்சுக்கலாம். படுக்கை, சுத்தம் பண்றது, சாப்பாடுன்னு சேவையோட தினமும் ஆள் மாத்தி விட்டா அதைத் தொழில் வருமானம்னு பார்க்க இடம் இருக்கு. அப்போ அந்த 30 கிடைக்காது, செலவுக்கு பில் வச்சிருக்கணும்.

மத்திய சுற்றுலாத் துறையோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் வேணும்னா ஓனர் குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும். ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும், மொத்தம் 12 படுக்கைக்குள்ள. கல்மண்டபம் அக்கா இதுக்குள்ள வருவாங்க. பெரம்பூர் எதிர் ஃபிளாட் பெங்களூர்க்காரர் வரவே மாட்டார், அவர் "பக்கா"ன்னு சொல்றது எந்தப் பேப்பர்னு கேளுங்க. சொத்துவரியும் அரை வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்புன்னு கட்டிக்கிட்டிருப்பார், அதையும் கேளுங்க.

தண்டையார்பேட்டை சார், 126-ல முதல்ல வர்றது தற்காலிக மதிப்பீடுதான். ஆட்சேபணையை எழுத்துல கொடுங்க, அக்ரிமெண்ட் நகலை வச்சுக் கொடுங்க. இறுதி ஆணை வந்தப்புறம்னா 127-ல 30 நாளைக்குள்ள மேல்முறையீடு, ஆனா அதுக்குப் பாதித் தொகையைக் கட்டிட்டுத்தான் போக முடியும். அடுத்த அக்ரிமெண்ட்ல உள்வாடகை கூடாது, நாள் கணக்குல விடக் கூடாதுன்னு தனித்தனியா எழுதுங்க.

கப்பல்காரன்:

நான் தங்கினவன். ஊர் தூத்துக்குடி. கப்பல் ஆபீசர் பரீட்சை நடத்துற எம்.எம்.டி. ஆபீஸ்ல ஓரல்ஸ், அதாவது வாய்மொழித் தேர்வு, கொடுக்க வர்றவங்க எல்லாம் மண்ணடி, பிராட்வே பக்கம்தான் ரூம் தேடுவாங்க, ராஜாஜி சாலைக்கு நடந்தே போயிடலாம். நானும் மண்ணடியில ஒரு சந்துல எடுத்தேன்.

ஓனர் ஒரிஜினல் சி.டி.சி.யையும் (கப்பல்ல வேலை பார்த்த சர்வீஸ் பதிவாகிற புத்தகம்) பாஸ்போர்ட்டையும் வாங்கி மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டினார். "ரூல் தம்பி, போலீஸ் கேட்டா காட்டணும், காலி பண்றப்போ தர்றேன்." தேதி கிடைச்சிருந்த பதட்டத்துல நானும் சரின்னு போயிட்டேன். பரீட்சை அன்னைக்குக் காலையில ஏழு மணிக்குக் கீழே வந்தா டிராயர் பூட்டிக் கிடக்கு, அண்ணாச்சி இல்ல, போன் ஸ்விட்ச் ஆஃப். அவரோட தம்பி "அண்ணன் மாதவரம் போயிருக்கார், சாவி அவர்கிட்ட"ங்கிறான். கடல்ல மாசக்கணக்கா ராத்திரி வாட்ச் நின்னு சேர்த்த சர்வீஸ் பூரா அந்த டிராயருக்குள்ள இருக்கு. அந்தப் பூட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். சின்ன பித்தளைப் பூட்டு, மேல துரு. இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு.

எதிர் டீக்கடைக்காரர்தான் வந்து திருப்புளி கொடுத்தார். டிராயர் பலகையைக் கழட்டி எடுத்தோம். அரை மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

பாஸ்போர்ட் மத்திய அரசோட சொத்து, பாஸ்போர்ட் சட்டம் 17-வது பிரிவுலயே இருக்கு. ரூம் விடுறவர் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், பூட்டி வைக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆதார் கேட்டா முதல் எட்டு இலக்கம் மறைச்ச ஆதாரைக் கொடுங்க. விடுறவங்களுக்கும் சொல்றேன், எங்க வாழ்க்கையை டிராயர்ல வச்சுப் பூட்டாதீங்க.

பழைய வண்ணை:

கப்பல்கார தம்பி சொல்றது சரி. ஆனா அதைப் படிச்சுட்டு யாரும் ரிஜிஸ்டரையே விட்டுடாதீங்க.

எங்க வீடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். அம்மாதான் நடத்துறாங்க. வர்றவங்க எல்லாம் நோயாளியைச் சேர்த்துட்டு வந்து குளிச்சுத் தூங்கிட்டுப் போறவங்க, நெல்லூர், சூளூர்பேட்டை, திருவள்ளூர்ப் பக்கம். அம்மா நோட்டுல ஒரு கட்டம் அவங்களே போட்டு வச்சிருக்காங்க: "ஊர்ல யாருக்குச் சொல்லணும்". எந்த ரூல்லயும் இல்ல. அதை நிரப்பாம சாவி தரமாட்டாங்க.

சூளூர்பேட்டையில இருந்து ஒருத்தர் தன் அம்மாவை வார்டுல சேர்த்துட்டு எங்க வீட்டுல தங்கினார். மூணாவது ராத்திரி மாடிப்படியிலேயே மயங்கி விழுந்துட்டார். போன்ல லாக். தெலுங்குல என்னவோ சொல்றார், புரியல. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அம்மா நோட்டைப் புரட்டி அந்த நம்பருக்குப் போட்டு, அவங்க தம்பிகிட்ட பேசினதுலதான் சர்க்கரைக்கு ஊசி போடுறவர்னு தெரிஞ்சுது. வந்த நர்ஸ்கிட்ட அதை நான் சொன்னேன். சர்க்கரை இறங்கிப் போயிருந்தது. பிழைச்சுட்டார்.

வாடகைக்கு வர்றவர் விவரத்தை ஸ்டேஷன்ல கொடுக்கச் சொல்றாங்க, கொடுக்கிறோம். கூடவே அந்தக் கட்டத்தையும் போட்டு வையுங்க.

கல்மண்டபம் அக்கா:

பெரம்பூர் தம்பி, உங்க அப்பா விஷயத்தைப் படிச்சதும் மாமியார்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். எங்க வீட்டுல ராத்திரி பத்துக்கு மேல வந்தா நானே வாசல் கேட்ல போய் நிக்கணும்னு வச்சிருக்கோம், அதனால பக்கத்து வீட்டு பெல்லை யாரும் தொட்டதில்ல. ஓனர் வீட்டுல இல்லாம நடத்துறதுதான் பிரச்சனைன்னு எனக்குத் தோணுது. பேரேடு தம்பிக்கு நன்றி. ஆனா நான் கேட்டது சட்டம் இல்ல, அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான். அதுக்கு இன்னும் யாரும் பதில் எழுதல.

பெரம்பூர் மூணாவது மாடி:

அக்கா, நீங்க கீழே இருந்து நடத்துறது வேற, நான் அதைச் சொல்லல. பேரேடு சார் சொன்ன மாதிரி எதிர் ஃபிளாட்காரர்கிட்ட பேப்பர் கேட்டேன், "அசோசியேஷன்ல பேசிக்குங்க"ன்னுட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்தப்புறம் எங்க பைலாவை, அதாவது அசோசியேஷன் விதிகளை, இன்னும் யாரும் திருத்தல. தினவாடகையை மொத்தமா தடுக்கிற மாதிரி எழுதினா நாலு ஓனர் எதிர்ப்பாங்க. ராத்திரி பத்துக்கு மேல வர்றவங்களை விடுறவரோட ஆள் கேட்ல வந்து கூட்டிட்டுப் போகணும், வர்றவங்க பேரு முந்தின நாளே வாட்ச்மேன்கிட்ட இருக்கணும், இந்த ரெண்டையும் கொண்டு வரலாம்னு செக்ரட்டரி சொல்றார். வேற எங்கேயாவது இப்படி பைலாவுல சேர்த்திருந்தா அந்த வரியை அப்படியே இங்கே போடுங்க.